உதகை கிளஸ்டருக்கு 96 கோரா, 48 கோரா?

பைக்காரா:
வணக்கம். மலையில் உள்ள நாலு கல்லூரிகள் சேர்ந்து உதகையில் வைக்கப்போகும் பொது கிளஸ்டருக்கு (பல கணினிகளை இணைத்த தொகுப்பு) அடுத்த மாதம் டெண்டர். வரைவில் நோடுக்கு, அதாவது தொகுப்பின் ஒவ்வொரு கணினிக்கும், 96 கோர் (கணக்குப் போடும் அலகு) கொண்ட ஏஎம்டி ஈபிக் 9654 சிப் இரண்டு, மொத்தம் 192 கோர் என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. 48 கோர் கொண்ட 9454 வாங்கி, நோடு எண்ணிக்கையைக் கூட்டுங்கள் என்கிறேன்.

காரணம் மெமரி. இரண்டு சிப்புக்கும் 12 சானல் டிடிஆர்5-4800 மெமரிதான், ஒரு சிப்புக்கு நொடிக்கு 460 ஜிபி தரவு வரும். 96 கோர் பங்கு போட்டால் ஆளுக்கு 4.8 ஜிபி, 48 கோர் போட்டால் 9.6. டபிள்யூஆர்எஃப் போன்ற வானிலை மாடலில் கோர் கணக்குப் போடும் நேரத்தைவிட, தரவு வரக் காத்திருக்கும் நேரம்தான் அதிகம்.

கேத்தி:
சார், எல்லாரும் வானிலை ஓட்டுவதில்லையே. முத்தொரையில் கிரேப்ஸ்-3 காஸ்மிக் கதிர் ஆய்வகம் இருக்கிற ஊர் இது. எங்கள் மாணவர்கள் காஸ்மிக் கதிர் பொழிவுகளை கோர்சிகா என்ற சிமுலேஷன் நிரலில் ஓட்டுகிறார்கள். ஒவ்வொரு பொழிவும் தனி வேலை, ஒரு கோர் பக்கத்துக் கோரிடம் எதுவும் கேட்காது. எங்களுக்குக் கோர் எண்ணிக்கைதான் முக்கியம்.

மின்சாரத்தையும் பாருங்கள். 9654 எடுப்பது 360 வாட், 9454 எடுப்பது 290. பாதிக் கோருக்கு முக்கால் பங்குக்கு மேல் கரண்ட்! அப்புறம் நோடு இரட்டிப்பானால் போர்டு, பவர் சப்ளை, சுவிட்ச் போர்ட், ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) எல்லாமே இரட்டிப்பு. பவர் சப்ளை போனால் ஆள் கோயம்புத்தூரிலிருந்து மலையேறி வர வேண்டும். மழைக்காலத்தில் பர்லியாறு பக்கம் மண் சரிந்தால் அன்றைக்கு வரமாட்டார்.

கொடைமலை:
இரண்டு பேரும் சிபியு பற்றியே பேசுகிறீர்கள். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் பழைய தட்டுப் படங்களை டிஜிட்டலாக்கி வைத்திருக்கிறார்கள். அவற்றில் சூரியப் புள்ளிகளை அடையாளம் காண மாடல் பயிற்றுவிக்க ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) இல்லாமல் முடியாது. நாலு ஆர்டிஎக்ஸ் 4090 ஜிபியு கார்டு போதும், விலையும் குறைவு. ஊட்டிக் குளிரில் ஏசியும் வேண்டாம், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

கூடலூர் அட்மின்:
ஜன்னல் பேச்சை இங்கேயே நிறுத்திவிடுங்கள், தயவுசெய்து. உதகை 2200 மீட்டருக்கு மேலே. காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் அள்ளிக்கொண்டு போகும் சூடு குறையும். குளிரூட்டலுக்குத் தரம் வகுக்கும் ஆஷ்ரே அமைப்பின் ஏ2 சர்வர் வகையில் 35 டிகிரி வரை அனுமதி, ஆனால் 900 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஒரு டிகிரி கழிக்கச் சொல்கிறது. இங்கே முப்பதரைதான் எல்லை.

ஈரம் அதைவிட மோசம். ராத்திரி கரண்ட் போய் மெஷின் குளிர்ந்து கிடக்கும். காலையில் மஞ்சுக் காற்று உள்ளே வந்தால் சேஸிஸ் தகடு வேர்க்கும், மெமரி ஸ்லாட் ஓரத்தில் பொடிப் பொடியாகத் துளி நிற்கும். அந்த நேரத்தில் சுவிட்சைப் போட்டால் போர்டு போச்சு. மூடிய அறை, ஈரம் உறிஞ்சும் கருவி, ஒழுங்காக அணைத்து எழுப்பும் அளவுக்கு யுபிஎஸ், இந்த மூன்றையும் டெண்டரில் முதலில் எழுதுங்கள்.

பைக்காரா:
அட்மின் சொன்னது முழுக்கச் சரி. கொடைமலை சார், படப் பயிற்சிக்கு 4090 ஓடும். ஆனால் அதில் டபுள் பிரிசிஷன் (அதிகத் துல்லியக் கணக்கு) வேகம் சிங்கிளில் 64-இல் ஒரு பங்குதான். இயற்பியல் கணக்கு போடுகிறவர்களுக்கு அது உதவாது. ஒரே ஒரு ஜிபியு நோடு, வேலைகளை வரிசைப்படுத்தும் ஸ்லர்ம் மென்பொருளில் படக்காரர்களுக்கென்று தனி பார்ட்டிஷன், அவ்வளவு போதும்.

கேத்தி மேடம், உங்கள் வாட் கணக்கை மறுக்கவில்லை. ஆனால் 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியதை நினைத்துப் பாருங்கள். அப்படி ஒரு மழையை ஒரு கிலோமீட்டர் கட்டத்தில் ஓட்டிப் பார்க்க எங்களுக்கு வேறு மெஷின் கிடையாது. கோர்சிகா ஒரு நாள் தாமதமாக முடிந்தால் ஆய்வு நிற்காது. மழைக் கணிப்பு மழை வந்தபின் முடிந்தால் யாருக்கு வேண்டும்?

கேத்தி:
அதற்கு வழி முன்னுரிமை வரிசை, சார். மழைக்காலத்தில் உங்கள் வேலையை ஸ்லர்மில் முன்னால் வையுங்கள், நாங்கள் ஒதுங்கிக்கொள்கிறோம். 96 கோர் சிப்பில் பாதிக் கோரைச் சும்மா விட்டு டபிள்யூஆர்எஃப் ஓட்டினால் உங்களுக்கும் கோருக்கு 9.6 கிடைக்கும்; மற்ற நாட்களில் முழுசும் எங்களுக்கு.

பைக்காரா:
சும்மா விடுகிற கோருக்கும் காசு கொடுத்துத்தானே வாங்குகிறோம்? விற்பனையாளர்களிடம் இரண்டு சிப்பையும் சோதனைக்குக் கேட்போம். அவலாஞ்சி மழையின் உள்ளீட்டுக் கோப்புகளை நான் அனுப்புகிறேன், நீங்கள் ஒரு கோர்சிகா தொகுப்பு அனுப்புங்கள். வேலைக்கு எத்தனை ரூபாய், எத்தனை யூனிட் கரண்ட் என்ற எண்ணை வைத்துப் பேசுவோம். அதுவரை வரைவில் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.