அம்மாம் பெரிய போர்க்கப்பல ஏரோப்ளேன் எப்படிங்க மூழ்கடிச்சுது?

ஓமலூரான்:
எங்க அப்பாரு மலாயா ரப்பர் தோட்டத்துல வேலை பாத்தவருங்க. ரெண்டு கப்பலு போனப்பவே வெள்ளக்காரன் கத முடிஞ்சுதுன்னு அடிக்கடி சொல்லுவாரு. தேடிப் பாத்தா 1941 டிசம்பர் 10, மலாயாவுல குவாந்தான் பக்கம் கடல்ல பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ்னு ரெண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல ஜப்பான் ப்ளேனுங்க மூழ்கடிச்சிருக்கு. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்ல பக்கவாட்டுத் தகடே ஒரு அடி தடிமனுக்கு மேல. அதைப் போயி குண்டு எப்படிங்க ஓட்டை போட்டுச்சு?

சங்ககிரி பட்டறை:
குண்டு இல்லைங்க, பெரும்பாலும் டார்பிடோ வேலை, அதாவது தண்ணிக்குள்ளயே ஓடிப் போயி வெடிக்கற குண்டு. வியட்நாம் சைகோன் பக்கத்துல இருந்து கெளம்பி வந்த ஜப்பான் ப்ளேனுங்க தாழப் பறந்து தண்ணிக்குள்ள போட்டுட்டுப் போயிருச்சு. அது தகட்டுக்குக் கீழ வந்து அடிக்கும். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்ல மொத அடியே பின்னாடி இடது பக்கத்து ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் கிட்ட. லாரில ஷாஃப்ட் கோணுனா வண்டி என்னா ஆட்டம் ஆடும், அந்த மாதிரி ஷாஃப்ட் சுத்த சுத்த சீலு, தடுப்புச் சுவரு எல்லாம் பிஞ்சு அந்த வழியாவே தண்ணி உள்ள பூந்துருச்சு, ஜெனரேட்டரு போச்சு, கரன்ட் இல்லாம பம்ப்பும் ஓடல, பாதி பீரங்கி திரும்பவே இல்ல, கப்பலு ஒருபக்கமா சாஞ்சுருச்சு. எனக்கு என்னமோ அந்த ஒரே அடியிலயே பாதி ஆட்டம் முடிஞ்சுதுன்னுதான் தோணுது.

ஏற்காடு குளிர்:
ஷாஃப்ட் சரிங்ணா, மேல காவலுக்கு ஒரு ஃபைட்டர் ப்ளேன் கூட இல்லையே, அதைச் சொல்லுங்க. அந்தக் கப்பலுங்களுக்குத் தலைவரா இருந்த அட்மிரல் ஃபிலிப்ஸ் ரேடியோவ தொடவே மாட்டேன்னு இருந்தாரு, அடி விழ ஆரம்பிச்சு ரொம்ப நேரம் கழிச்சு ரிபல்ஸ் கேப்டன் டென்னன்ட்தான் சிங்கப்பூருக்குத் தகவல் குடுத்தாரு. அங்கருந்து பஃபலோங்கற ஃபைட்டர் ப்ளேனுங்க வந்து சேந்தப்ப எல்லாம் முடிஞ்சுது. ஃபிலிப்ஸும் கப்பலோடயே போயிட்டாரு.

அஸ்தம்பட்டி:
டென்னன்ட் லேசுப்பட்ட ஆளு இல்லைங்க, கப்பல வளைச்சு வளைச்சு ஓட்டி பத்துப் பதினஞ்சு டார்பிடோவுக்குத் தப்பிச்சாரு. ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல வந்தப்பதான் மாட்டுனாரு. ரெண்டு கப்பல்லயும் சேத்து 840 பேரு செத்தாங்க. கூடப் போன சின்னக் கப்பல்ல வேம்பயர்னு ஒண்ணு அன்னிக்குத் தப்பிச்சுது, ஆனா 1942 ஏப்ரல் 9 மட்டக்களப்பு பக்கத்துல ஹெர்மிஸ்ங்கற விமானந்தாங்கிக் கப்பலோட போறப்ப அதையும் ஜப்பான் ப்ளேனே முடிச்சுருச்சு, விமானந்தாங்கில அன்னிக்கு விமானமே இல்ல பாருங்க.

ஓமலூரான்:
அட! அந்த வேம்பயர் ஆளுங்க?

அஸ்தம்பட்டி:
பெரும்பாலும் பொழச்சுட்டாங்க. பக்கத்துல போயிட்டிருந்த வீட்டாங்கற ஆஸ்பத்திரிக் கப்பலு வந்து தூக்கிக்கிச்சு.