பாஸோட விக்கிப்பீடியா பக்கத்துல தப்பு இருக்கு, நாமளே திருத்தக்கூடாதாம்!

கணக்குப்பிள்ளை:
வணக்கம் மக்களே. நான் ஒரு பெரிய முதலீட்டாளர் ஆபீஸ்ல மீடியா வேலை பாக்குறேன், அவர் பேர் இங்க வேணாம். அவரோட ஆங்கில விக்கிப்பீடியா பக்கத்துல மூணு பிரச்சனை. ஃபண்ட் ஆரம்பிச்ச வருஷம் தப்பு. கட்டுப்பாட்டு ஆணையம் எடுத்த ஒரு நடவடிக்கையை பணம் கட்டி செட்டில் பண்ணாரு, குற்றத்தை ஒத்துக்கவும் இல்ல மறுக்கவும் இல்லன்னு ஆர்டர்லயே இருக்கு, ஆனா பக்கத்துல மோசடி நிரூபணம் ஆச்சுன்னு போட்டு வச்சிருக்காங்க. மூணாவது, அந்த ஒரு கேஸுக்கே பாதிப் பக்கம், அவர் நடத்துற அறக்கட்டளைக்கு ஒத்த வரி. நான் மாத்தினா உடனே எவனோ பழையபடி ஆக்கிடுறான், இப்ப எனக்கே வார்னிங் வேற. ஒரு மனுஷன் தன்னைப் பத்தி சொல்றதை விட முகம் தெரியாதவன் எழுதினது பெருசா?

சிவப்பிணைப்பு:
ஆமா, பெருசு தான். ஆனா முகம் தெரியாதவன் எழுதினதால இல்ல, அவன் கீழ குடுத்திருக்கிற செய்தி இணைப்பால. நீங்க குடுத்தது என்ன? சம்பளம் வாங்கிட்டு எடிட் பண்றவங்க யாருக்காக பண்றோம்னு வெளிப்படையா சொல்லணும்னு 2014லயே விக்கிப்பீடியாவை நடத்துற விக்கிமீடியா அவங்க பயன்பாட்டு விதிமுறையில சேர்த்தாச்சு. உங்க பயனர் பக்கத்துல அது இருக்கா?

கணக்குப்பிள்ளை:
இல்ல. அதுக்காக தப்பு சரியாகிடுமா சார்?

நடுநிசி வாசகி:
சிவப்பிணைப்பு, நீங்க எப்பவும் விதிமுறைப் புத்தகத்தை எடுத்து தலையில போடுறீங்க. 2005ல ஜான் சீகன்தாலர்னு ஒரு மூத்த பத்திரிகையாளர் பக்கத்துல, கென்னடி கொலையில அவருக்கு தொடர்பு இருக்கலாம்னு சந்தேகப்பட்டாங்கன்னு எவனோ விளையாட்டா எழுதி, அது நாலு மாசம் அப்படியே கிடந்துச்சு. அதுக்கப்புறம் தான் உயிரோட இருக்கிறவங்க பக்கத்துக்கு தனியா கொள்கையே கடுமையாச்சு. அந்தக் கொள்கை என்ன சொல்லுது? ஆதாரம் இல்லாத, பேரைக் கெடுக்கிற விஷயத்தை விவாதம் கூட இல்லாம உடனே தூக்கலாம், சம்பந்தப்பட்டவரே கூட தூக்கலாம். அதை ஏன் இவர்கிட்ட சொல்ல மாட்டேங்குறீங்க? பேங்க்ல, பார்ட்னர் கம்பெனில ஒருத்தரைப் பத்தி விசாரிக்கிறவங்க முதல்ல பாக்குறது இந்தப் பக்கத்தை தான், அதுல மோசடின்னு இருந்தா அடுத்த வரி படிக்கவே மாட்டாங்க.

சிவப்பிணைப்பு:
ஆதாரம் இல்லாததை தூக்கலாம்ங்கறது சரி தான். இது ஆதாரத்தோட இருக்கு, அதான் வித்தியாசம். பிரபலமான ஆள் மேல வந்த குற்றச்சாட்டை நம்பகமான பல பத்திரிகை எழுதியிருந்தா அவருக்குப் பிடிக்கலன்னாலும் பக்கத்துல இருக்கும், அவர் மறுத்திருந்தா அந்த மறுப்பும் கூடவே இருக்கணும். அதுவும் அதே கொள்கையில தான் இருக்கு வாசகி, பாதியோட நிறுத்திட்டீங்க.

கருப்புப்பூனை:
எதுக்கு இவ்ளோ கஷ்டம், பணம் குடுத்தா பாத்துக்கிற ஏஜென்சி நிறைய இருக்கு ப்ரோ.

சிவப்பிணைப்பு:
இருக்கு. 2015ல ஆரஞ்ச்மூடின்னு ஒரு கூட்டத்தைப் பிடிச்சு 381 கணக்கை முடக்கினாங்க. அவனுங்க நிராகரிக்கப்பட்ட கட்டுரையா தேடிப் பிடிச்சு, காசு குடுத்தா ஏத்துறோம், அப்புறம் மாசாமாசம் குடுத்தா பாதுகாக்கிறோம்னு மிரட்டி வாங்கிட்டு இருந்தானுங்க. அதுல மாட்டினா இப்ப இருக்கிற ஒரு கேஸுக்கு மேல இதுவும் பக்கத்துல செய்தியா ஏறும்.

பழைய மோடம்:
சண்டைக்கு நடுவுல ஒரு கேள்வி. கணக்குப்பிள்ளை தம்பி, அந்த நிரூபணம்ங்கற வரிக்குக் கீழ இருக்கிற செய்தியை யாராச்சும் திறந்து படிச்சீங்களா? நீங்க ஆணையத்தோட ஆர்டரைத் தூக்கிட்டுப் போனா அது மூல ஆவணம், உயிரோட இருக்கிறவர் விஷயத்துல கோர்ட் பேப்பரை மட்டும் வச்சு எழுத விட மாட்டாங்க. ஆனா பத்திரிகை செய்தியிலயே செட்டில்மென்ட்னு இருந்தா வேலை முடிஞ்சுது, எடிட் பண்ணவர் படிச்ச லட்சணம் சரியில்லன்னு அர்த்தம்.

கணக்குப்பிள்ளை:
இப்ப தான் திறந்தேன். செட்டில் பண்ணாருன்னு தான் இருக்கு, ஒத்துக்கவோ மறுக்கவோ இல்லன்னு மூணாவது பத்தியில தெளிவா இருக்கு!!

பழைய மோடம்:
அப்ப டாக் பேஜ்ல, அதான் அந்தக் கட்டுரையைப் பத்தி விவாதிக்கிற பக்கம், எடிட் ரிக்வெஸ்ட் வார்ப்புரு போடுங்க, மத்தவங்களை திருத்தச் சொல்லிக் கேக்குற ரெடிமேட் படிவம் அது, நான் இவர்கிட்ட வேலை பாக்குறேன்னு முதல் வரியிலயே சொல்லிடுங்க. இப்ப இருக்கிற வாக்கியம் இது, இதுக்குப் பதிலா இது, ஆதாரம் இது, அவ்ளோ தான். எங்க பாஸ் எவ்ளோ நல்லவர்னு பத்தி பத்தியா எழுதாதீங்க, எவனும் படிக்க மாட்டான். வருஷ விஷயத்துல அந்தத் தப்பு வருஷம் எங்கிருந்து வந்துச்சுன்னு பேஜ் ஹிஸ்டரியில, யார் எப்ப என்ன மாத்தினாங்கன்னு இருக்கிற பட்டியல்ல, பாருங்க. பல நேரம் விக்கில எவனோ சும்மா போட்டதை ரிப்போர்ட்டர் காப்பி அடிச்சிருப்பாரு, அப்புறம் அந்த செய்தியையே விக்கில ஆதாரமா ஒட்டியிருப்பாங்க. எடிட் நடந்த தேதிக்கு அப்புறம் தான் செய்தி வந்துச்சுன்னா, சரியான வருஷத்தோட அதுக்கு முன்னாடியே வந்த வேற செய்தியையும் சேர்த்து வைங்க, அந்த ஆதாரம் அங்கயே செத்துடும்.

நடுநிசி வாசகி:
மாசக்கணக்குல வரிசையில கிடக்குமே அந்த ரிக்வெஸ்ட் எல்லாம். அது வரைக்கும்?

பழைய மோடம்:
கிடக்கும் தான். மோசடி வரி அவசரம்னா உயிரோட இருக்கிறவங்க பக்கத்துக்குன்னே தனி நோட்டீஸ்போர்டு இருக்கு, அங்க போடுங்க, நிறைய கண்ணு படும். ஆனா கேஸ் போடுவோம்னு மட்டும் மூச்சு விடாதீங்க, அதை வாபஸ் வாங்குற வரைக்கும் கணக்கை முடக்கிடுவாங்க.

கணக்குப்பிள்ளை:
சரிண்ணே. அப்ப அந்த பாதிப் பக்கம்? அறக்கட்டளை?

சிவப்பிணைப்பு:
அறக்கட்டளையைப் பத்தி உங்க வெப்சைட்டைத் தவிர வேற யாராச்சும் எழுதியிருக்காங்களா?

கணக்குப்பிள்ளை:
ப்ரெஸ் ரிலீஸ் நிறைய வந்திருக்கு.

சிவப்பிணைப்பு:
அது நீங்களே எழுதி நீங்களே அனுப்பினது. ஜிம்மி வேல்ஸே 2005ல தன்னோட பக்கத்துல கை வச்சு வெளிய தெரிஞ்சு அசிங்கப்பட்டாரு, விக்கியை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தருக்கே அந்த கதி.

நடுநிசி வாசகி:
நீளத்துல எனக்கு இவர் பக்கம் தான். இருபது வருஷத் தொழில்ல ஒரு செட்டில்மென்ட் பாதிப் பக்கத்தை எடுத்துக்குச்சுன்னா அது சமநிலை இல்ல, எவனோ கோபத்துல எழுதினது. ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் இருந்தாலும் மொத்தமா பாத்தா தாக்குதலா ஆகிடலாம், அதையும் கொள்கை ஒத்துக்குது.

சிவப்பிணைப்பு:
பத்திரிகைக்காரங்க அவரைப் பத்தி எழுதினதே பெரும்பாலும் அந்த கேஸுக்காகன்னா? அப்ப பாதி தான் சமநிலை. சுருக்குறதுன்னா என்ன வரி போகணும்னு சொல்லுங்க, சும்மா குறைங்கன்னா எப்படி.

கணக்குப்பிள்ளை:
வருஷத்துக்கும் செட்டில்மென்ட்டுக்கும் இன்னைக்கே ரிக்வெஸ்ட் போடுறேன், என் வேலையையும் சொல்லிடுறேன். மூணாவதையும் தனியா போடத்தான் போறேன், வரி வரியா.

சிவப்பிணைப்பு:
போடுங்க. முதல் ரெண்டுக்கும் நானே வந்து ஆதரவு எழுதுறேன். மூணாவதுல எதிர்ப்பும் நான் தான் எழுதுவேன், இப்பவே சொல்லிட்டேன்.