தாராவி டூர் போகலாமா? எதை விசாரித்துவிட்டுப் போவது?

கோவைப் பயணி:
அடுத்த மாதம் மும்பை போகிறோம், நான்கு பேர். தாராவியை கைடோடு சுற்றிப் பார்க்கலாம் என்று யோசனை. அடுத்தவர் வறுமையைக் காசு கொடுத்து வேடிக்கை பார்ப்பதா என்று வீட்டில் வாக்குவாதம். போவதென்றால் எதை வைத்து ஆளைத் தேர்ந்தெடுப்பது?

மாஹிம் கிழக்கு:
முதலில் "போட்டோ எடுக்கலாமா?" என்று கேளுங்கள். "தாராளமா எடுங்க" என்று சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள். இந்த டூர்களுக்கு வழிபோட்ட ரியாலிட்டி டூர்ஸ், படம் எடுக்க விடுவதில்லை. சந்துகளில் எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும்; பாத்திரம் கழுவுவதும் பிள்ளையைக் குளிப்பாட்டுவதும் வாசலில்தான். அங்கே போனைத் தூக்கினால் அடுத்தவர் வீட்டுக்குள் நின்று எடுக்கும் படம் அது.

அடுத்தது பணம். "லாபத்தில் 80 சதவீதம் சமூகப் பணிக்கு" என்றால் டிக்கெட் விலையில் 80 அல்ல. கைடு சம்பளம், ஆபீஸ் செலவு எல்லாம் போக மிஞ்சுவதில்தான். போன வருடம் எந்தப் பணிக்கு எவ்வளவு போனது, கைடு தாராவிக்காரரா என்று கேளுங்கள். நேர்மையாக நடத்துபவர் தயங்காமல் சொல்வார்.

பட்டறைத் தெரு:
கேமரா இல்லையென்றால் எல்லாம் சரியாகிவிடாது. முதலாளி தலையாட்டினால் தொழிலாளி சம்மதித்ததாக ஆகுமா? தாராவியின் மறுசுழற்சிப் பட்டறைகள் இருக்கும் 13ஆம் காம்பவுண்டில் பிளாஸ்டிக்கை நிறம், ரகம் பார்த்துக் கையால் பிரித்து, அரைத்து, கழுவி, கூரைமேல் காயவைத்து, உருக்கிக் கம்பியாக இழுத்துக் குருணையாக வெட்டுகிறார்கள். வெளியூர்த் தொழிலாளர் பலருக்கு ராத்திரி படுக்கையும் அந்தப் பட்டறைதான். பத்துப் பேர் போய் நின்றால் மூட்டை சுமப்பவருக்கு வழி அடைபடும். ஐந்து பேருக்கு மேல் சேர்க்கும் குழுவில் போகாதீர்கள். முதலாளி பக்கத்தில் நிற்கும்போது "சம்பளம் எவ்வளவு?" என்று தொழிலாளியிடம் கேட்கவே கூடாது.

தொண்ணூறடி ரோடு:
கட்டை விரல் மூடிய ஷூ போடுங்கள், தகரத் துண்டு எங்கும் கிடக்கும். கும்பர்வாடாவில் சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் பஞ்சுக் கழிவை எரித்துச் சூளை போடுகிறார்கள். ஆஸ்துமா இருப்பவர் அந்தப் பக்கம் வேண்டாம். கூடையைக் கவிழ்த்து அப்பளம் காயவைத்திருப்பார்கள், தொடாதீர்கள். பிள்ளைகளுக்குச் சாக்லேட், சில்லறை நீட்டாதீர்கள். வழக்கமாகிவிட்டால் ஒவ்வொரு குழுவின் பின்னாலும் ஓடுவார்கள். கொடுக்க நினைத்தால் தோல் கடையில் பேரம் பேசாமல் ஒரு பெல்ட் வாங்குங்கள்.

திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் பதனிட வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கே நிறைய. தமிழில் பேசினால் முதலில் உங்கள் ஊரைத்தான் கேட்பார்கள். பதிலுக்கு "எப்போ இடிக்கப் போறாங்க?" என்று ஆரம்பித்துவிடாதீர்கள். தாராவியை இடித்துக் கட்டும் மறுசீரமைப்புத் திட்டத்தில் 2000ஆம் ஆண்டுக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவருக்குத்தான் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி இலவச வீடு. மாடியில் இருப்பவருக்கு அது கிடையாது. நீங்கள் பேசுவது யாரிடம் என்று உங்களுக்குத் தெரியாது.