தோள் பேட் இடத்தில் நிற்கவில்லை: 13 வயதுப் பையனுக்கு ரூஸ்ட் கார்டா, வலை ஜாக்கெட்டா?

சாட்ஸ்வர்த் அப்பா:

பையனுக்கு 13 வயசு, மோட்டோகிராஸ்ல, அதாவது மண் டிராக் பைக் ரேஸ்ல, 85 சிசி ஓட்டுறான். உயரம் 158 செ.மீ., மார்புச் சுற்று 78 செ.மீ. இப்போ போடுறது ஜெர்சிக்கு மேல மாட்டுற பிளாஸ்டிக் ரூஸ்ட் கார்டு, கல்லும் மண்ணும் படாமத் தடுக்குற கவசம். தோளுக்கு ரெண்டு கிண்ணம், ஒத்தை எலாஸ்டிக் பட்டையில தொங்குது. பெக் (பைக்குல கால் வைக்கிற கட்டை) மேல எழுந்து நின்னு முழங்கையைத் தூக்கின உடனே கிண்ணம் ரெண்டும் கழுத்துப் பக்கம் ஏறி, கழுத்தைக் காக்க மாட்டுற வளையமான பிரேஸ்ல இடிக்குது. கடைக்காரர் கை வச்ச வலை ஜாக்கெட் வாங்கச் சொல்றார். டர்பன் ஜனவரி வெக்கைக்கு அது சரிப்படுமா? ஒரு சைஸ் பெரிசா வாங்கினா ரெண்டு வருஷம் வருமா? பிரேஸோட ஒத்துப்போகுமா? காறை எலும்பு முறியாமக் காக்குற சாமான்னு ஏதாவது இருக்கா?

டூஸ்ட்ரோக்:

கடைசிக் கேள்வியில இருந்து வர்றேன், அதுலதான் நிறையப் பேர் ஏமாறுறாங்க. காறை எலும்பு முறியாதுன்னு உத்தரவாதம் தர்ற கவசம் கிடையாது. ஹேண்டில்பார் தாண்டிப் பறந்து தோள் முனையில விழுந்தா, விசை பக்கவாட்டுல இருந்து நெஞ்சுப் பக்கமா உள்ளே போகுது. காறை எலும்பு ரெண்டு முனையிலயும் நெருக்கப்பட்டு நடுவுல வளையும். நடுப் பகுதிதான் மெலிசு, அங்கேதான் பெரும்பாலும் ஒடியும். தோள் பேட் அடியோட உச்சத்தைத் தட்டிக் குறைக்கும். தோல் உரியாம, தோள் முனை நேரா தரையில மோதாமப் பாத்துக்கும். ஆனா உடம்பு எடை மொத்தமும் ஒரு தோள்மேல வந்து இறங்குறதை 15 மில்லிமீட்டர் நுரையால நிறுத்த முடியாது.

அதுக்காகப் பேட் வீண்னு அர்த்தம் இல்லை. எந்தப் பேட்னு பாக்கணும், அவ்வளவுதான். உள்ளே தச்சிருக்கிற சீட்டைத் திருப்பிப் பாருங்க. இஎன் (ஐரோப்பியத் தரம்) 14021னு மட்டும் இருந்தா அது கல் தடுப்பு. முன்னாடி போற பைக்கோட பின்சக்கரம் அள்ளி வீசுற கல்லுக்கும் மண்கட்டிக்கும் போட்ட சோதனை அது, விழுகைக்கு இல்லை. உங்க பையனோட பழைய கார்டு பெரும்பாலும் இந்த ரகமாத்தான் இருக்கும். தோளுக்கும் முழங்கைக்கும் தேட வேண்டியது இஎன் 1621-1. முதுகுக்கு 1621-2, மார்புக்கு 1621-3. பைக் ஓட்டுற ஆள் படம் போட்ட கட்டத்துக்குப் பக்கத்துல தோள்னா S, முழங்கைன்னா E எழுத்து இருக்கும்.

லெவல் 1, லெவல் 2 வித்தியாசம் சும்மா விளம்பரம் இல்லை. தோள் பேட் மேல 50 ஜூல் ஆற்றலோட இடி விடுவாங்க. அடியில கடந்து வர்ற விசை சராசரியா 35 கிலோநியூட்டனுக்குள்ள இருந்தா லெவல் 1, 20க்குள்ள இருந்தா லெவல் 2. முதுகுக்கு இன்னும் கறார்: லெவல் 1க்கு 18, லெவல் 2க்கு 9. கடைசியா ஏ, பி வகை. ஏ சின்னப் பரப்பு, பி பெரிய பரப்பு. 158 செ.மீ. பையனுக்கு ஏ வகை பரவாயில்லை, பி பேட் தோளைத் தாண்டிக் கழுத்துக்கு வந்துடும்.

இன்னொண்ணு, ஜாக்கெட் மேல ஒரு சிஇ முத்திரை (ஐரோப்பியச் சான்று) இருக்குன்னு ஏமாற வேண்டாம். முதுகு பேட் மட்டும் சான்று வாங்கியிருக்கும், தோள்ல வெறும் நுரையைத் தச்சிருப்பாங்க. ஒவ்வொரு பேட்டையும் வெளியே இழுத்துத் தனித்தனியாப் பாருங்க. இழுக்க வராமத் தச்சே வச்சிருந்தா அந்த ஜாக்கெட் வேண்டாம்.

தையல்காரி:

தம்பி, சைஸ் விஷயத்துல ஆசைப்படாதீங்க. ஒரு சைஸ் பெரிசுன்னா தோள் பேட் ரெண்டு விரக்கடை கீழே இறங்கி மேல்கைல உக்காந்துக்கும். விழும்போது அடி வாங்குற எலும்பு வெளியே, பேட் வேற எங்கயோ. ஒழுங்கா உக்கார்ற லெவல் 1, நழுவுற லெவல் 2வை விட நூறு மடங்கு மேல்.

சரியா உக்காருதான்னு கண்டுபிடிக்க ஒரு வழி. குங்குமத்தைத் தண்ணில குழைச்சு, பையனோட தோள் மேட்டுல, விரலால தடவினா முட்டுற அந்த எலும்பு நுனியில ஒரு பொட்டு வையுங்க. முழங்கை முட்டியிலயும் ஒண்ணு. ஈரம் காயறதுக்குள்ள ஜாக்கெட்டை மாட்டி, ஜிப், பட்டை எல்லாம் இழுத்துப் போட்டு, ஸ்டாண்டுல நிக்கிற பைக்குல ஏத்துங்க. பெக் மேல நிக்க, உக்கார, முழங்கையைத் தூக்கி முன்னாடி சாய, பத்து தடவை. கழட்டி உள்பக்கத்தைப் பாருங்க. கறை பேட்டோட நடுவுல சின்ன வட்டமா இருந்தா சரி. பேட் ஓரத்துல இருந்தா சைஸ் தப்பு. நீளமா இழுவினா பட்டை தளர்வு. மஞ்சள் வேண்டாம், துணியில இருந்து போகவே போகாது! கடையில இதை விடமாட்டாங்க, அதனால உள்ளே ஒரு பழைய வெள்ளை பனியனைப் போட்டு அதுக்கு மேல ஜாக்கெட் போடுங்க. பொட்டு பனியனுக்கு வெளியே ஊறி வர்ற இடத்தை வச்சுக் கணக்குப் பாத்துக்கலாம்.

கீழ்ப்பட்டையை மறந்துடாதீங்க. இடுப்புல இறுக்கமா நின்னாதான் மேல தோள் நிக்கும். இடுப்பு தளர்ந்தா மண்ணுல சறுக்கும்போது மொத்த ஜாக்கெட்டும் கக்கத்துக்கு ஏறி, முதுகு பேட் ஹெல்மெட்டைத் தள்ளும். முழங்கைக்கு ரெண்டு பட்டை இருக்கணும், மேலே ஒண்ணு, கீழே ஒண்ணு. ஒரே பட்டைன்னா சறுக்கும்போது கிண்ணம் மணிக்கட்டுக்கு ஓடிப் போயிடும். ஆனா கீழ்ப்பட்டையை முறுக்கிக் கட்டினா அஞ்சு லாப்புல முன்கை கல்லு மாதிரி இறுகி கிளட்ச் பிடிக்க விரல் வராது. பட்டைக்குள்ள ஒரு விரல் சுலபமா நுழையணும், அதுக்கு மேல இறுக்காதீங்க.

துவைக்கிறது: பேட் எல்லாத்தையும் உருவிடுங்க, எந்தப் பக்கம் எதுன்னு மார்க்கர்ல இ, வ எழுதி வையுங்க. வலையை 30 டிகிரிக்கு மேல போகாத தண்ணில கையால துவைச்சு நிழல்ல காயப்போடுங்க. பிளீச், சாஃப்ட்னர் ரெண்டும் எலாஸ்டிக்கைக் கொன்னுடும். வெல்க்ரோவுல ஒட்டின களிமண்ணைக் காயவிட்டுப் பழைய டூத்பிரஷ்ல எடுங்க. ஈரமாத் தேய்ச்சா இன்னும் உள்ளே போகும்.

டூஸ்ட்ரோக்:

அக்கா சொன்ன குங்கும வேலை பிரமாதம். வெக்கை பத்தி விட்டுட்டேன். டர்பன்ல சூடு மட்டும் பிரச்சினை இல்லை, ஈரக் காத்துல வியர்வை காயாது. அதனால கை வச்ச ஜாக்கெட்டுக்குப் பதிலா கையில்லாத வெஸ்ட் பாருங்க: மார்பு, முதுகு, தோள் பேட் மட்டும் இருக்கும். முழங்கைக்குத் தனிக் கார்டு. ஜெர்சிக்கு உள்ளே போடணும். அப்போதான் ஹேண்டில்பார்லயோ இன்னொரு பைக்குலயோ பட்டை மாட்டாது. ரேஸ் முடிஞ்ச உடனே ஜிப்பைத் திறந்து விடுங்க.

மென்மையான பேட், அதாவது சாதாரணமா வளைஞ்சு அடி விழும்போது இறுகுற ரகம், வெப்பத்துக்கு ஏத்த மாதிரி மாறும். சூட்டுல இளகும், குளிர்ல விறைக்கும். சீட்டுல டி+ இருந்தா 40 டிகிரியில, டி- இருந்தா மைனஸ் 10ல சோதனை பாஸ். கோடையில பூட்டின பக்கிக்குள்ள (பிக்கப் வண்டி) டாஷ்போர்டு மேல போட்டா 40ஐத் தாண்டிடும், அங்கே வைக்காதீங்க. ஜூலைக் குளிர்ல ஜோஹன்னஸ்பர்க் பக்கம் ரேஸ்னா, ராத்திரி முழுக்க பக்கி பின்னாடி கிடந்த பேட் காலைல பலகை மாதிரி இருக்கும். உள்ளே வச்சுக் கொண்டு போங்க.

பிசியோ:

பிரேஸ் பற்றி யாரும் சொல்லவில்லை. நம் தென்னாப்பிரிக்க மருத்துவர் கிறிஸ் லியாட் உருவாக்கிய பொருள் என்பதால் இங்கே பிரேஸ் இல்லாத டிராக்கே இல்லை எனலாம், ஆனால் கவசத்தோடு பொருத்திப் பார்ப்பவர்கள் குறைவு. பிரேஸ் வேலை செய்யும் விதம் இது: தலை அளவுக்கு மீறிச் சாயும்போது ஹெல்மெட்டின் கீழ் விளிம்பு பிரேஸில் உட்கார்ந்து, விசை மார்புக்கும் முதுகுக்கும் தோளுக்கும் பிரிகிறது. அடியில் தடித்த தோள் கிண்ணமோ எழும்பிய முதுகுத் தகடோ இருந்தால் பிரேஸ் தராசு மாதிரி ஆடும். பையனின் பழைய கிண்ணம் இடிப்பது வெறும் தொந்தரவு இல்லை, பிரேஸின் வேலையையே கெடுக்கிறது. வெஸ்ட் வாங்கப் போகும்போது பிரேஸையும் ஹெல்மெட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். முதுகுத் தகட்டின் மேல் நுனியில் பிரேஸின் பின்கால் இறங்க இடம் வெட்டியிருக்க வேண்டும். மூன்றையும் மாட்டி, முன்னால் சாய்ந்து மேலே பார்க்கச் சொல்லுங்கள், தாண்டும்போது பார்ப்பது போல. அப்போதே ஹெல்மெட் முட்டினால் அந்தச் சேர்க்கை ஆகாது. பிரேஸ் காறை எலும்பின் மேல் அழுத்தும் இடம் எதுவும் இருக்கக் கூடாது.

விழுந்தபின் கழற்றுவதையும் வாங்கும்போதே யோசியுங்கள். தலைவழியாக மாட்டும் வெஸ்ட், தோள் அடிபட்டவனுக்குச் சித்திரவதை. முன் ஜிப் அல்லது இரு பக்கமும் கிளிப் உள்ளதே நல்லது. கழுத்து வலியோ கைகால் மரமரப்போ இருந்தால் பிரேஸ், ஹெல்மெட் எதையும் தொடாமல் மருத்துவக் குழு வரும்வரை அசையாமல் வையுங்கள். கழுத்தில் ஒன்றுமில்லை என்று அவர்கள் உறுதி செய்தபின் ஜிப்பைத் திறந்து நல்ல கையை முதலில் உருவுங்கள், அடிபட்ட கை கடைசியில் தானாகவே வந்துவிடும். முழங்கையைத் தாங்கித் தூளி கட்டுங்கள்.

எலும்பு முனை தோலைக் கூடாரம் போலத் தூக்கி அந்த இடம் வெளுத்திருந்தால், விரல்கள் குளிர்ந்தோ மரத்தோ போனால், மூச்சிழுக்கக் குத்தினால் தாமதிக்காதீர்கள். ஆம்புலன்ஸ் 10177, கைபேசியிலிருந்து 112. இந்த வயதுக்கென்று ஒரு எச்சரிக்கை: காறை எலும்பின் நெஞ்சுப் பக்க முனையில் வளர்ச்சித் தட்டு இருபது வயது தாண்டியும் முழுதாக மூடுவதில்லை. அங்கே அடிபட்டால் எலும்பு பின்னோக்கி நகரலாம், வெளியே வீக்கம் பெரிதாகத் தெரியாது. விழுங்கக் கஷ்டம், குரல் கம்மல் இருந்தால் "சும்மா சுளுக்கு" என்று வீட்டுக்குக் கூட்டிப் போகாதீர்கள்.

சாட்ஸ்வர்த் அப்பா:

எல்லாருக்கும் நன்றி. குங்குமம் பழைய கார்டுலயே வச்சுப் பாத்தேன், கறை கிண்ணத்துல விழவே இல்லை, பட்டையில இருக்கு. ஒரு கையில்லாத வெஸ்ட் பாத்து வச்சிருக்கேன்: முதுகு லெவல் 2, மார்பு லெவல் 1, தோள் லெவல் 1 ஏ வகை, முன் ஜிப். தோள் பேட் பாக்கெட்டுல கொஞ்சம் ஆடுது. அதைத் தச்சுடலாமா?

தையல்காரி:

பேட்டைத் தைக்காதீங்க, ஊசி ஓட்டை போட்ட இடத்துல இருந்து கிழியும். பாக்கெட்டோட கீழ் ஓரத்தை மட்டும் ஒரு சென்டிமீட்டர் உள்ளே மடிச்சு, பேட்டை வெளியே எடுத்துட்டு, பாலியஸ்டர் நூல்ல கைத்தையலா ரெண்டு வரி போடுங்க. பருத்தி நூல் வியர்வையில இத்துப்போகும். பையன் வளர்ந்ததும் பிரிச்சு விட்டுடலாம்.

டூஸ்ட்ரோக்:

வாங்குங்க, நல்ல சேர்க்கை. பலமா ஒரு தடவை விழுந்துட்டா பேட்டை உருவி வெளிச்சத்துல வளைச்சுப் பாருங்க. கீறல், நிரந்தரப் பள்ளம், ஒரு பக்கம் மட்டும் மெலிஞ்சது, எது தெரிஞ்சாலும் அந்தப் பேட்டை மட்டும் மாத்தினாப் போதும். அதே அளவு, அதே வகை கேட்டு வாங்குங்க.