சிங்கப்பூர் – நியூயார்க்: 15,349 கி.மீ.க்கு 17 மணி நேரம்தானே வர வேண்டும்?

கேட்பவர்: குழம்பிய மகன்

அக்டோபர் 9 இரவு அம்மாவைத் தம்பி வீட்டுக்கு அனுப்புகிறேன். சாங்கியிலிருந்து ஜேஎஃப்கேவுக்கு நேரடி விமானம், நடுவில் எங்கும் இறங்க வேண்டாம். தூரத்தைத் தேடினால் 15,349 கி.மீ. என்று வருகிறது, மணிக்கு 900 என்று வகுத்தால் 17 மணி நேரம் 3 நிமிடம். டிக்கெட்டில் அப்படி இல்லை. போகும்போது இரவு 11.35க்குக் கிளம்பி மறுநாள் காலை 6.05க்கு இறங்குகிறது, 12 மணி நேர வித்தியாசத்தைக் கூட்டினால் பதினெட்டரை. வரும்போது நவம்பர் 10 இரவு 10.30க்கு ஏறினால் 12ஆம் தேதி காலை 6.10க்குத்தான் சாங்கி. அதே 12ஐக் கழித்தால் 19 மணி 40 நிமிடம்! எங்கே தப்பு செய்கிறேன்? "11ஆம் தேதியை யார் தின்றது" என்று அம்மா வேறு கேட்கிறார்.

பதில்: ஜன்னலோரம்

எதிர்க்காற்றுதான், வேறென்ன. மேற்கே பறந்தால் எப்போதும் நேரம் கூடும்.

பதில்: பழைய பயணி

ஜன்னலோரம், இங்கே அது பொருந்தாது. குழம்பிய மகனே, உங்கள் கணக்கில் சறுக்கியது அந்த 12தான். நவம்பர் முதல் ஞாயிறன்று அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள், சிங்கப்பூரில் அந்த வழக்கமே இல்லை, அதனால் அம்மா திரும்பும்போது வித்தியாசம் 13. இப்போது கழித்துப் பாருங்கள், 18 மணி 40 நிமிடம். போகும் நேரத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டதா?

தூரத்துக்கு வருவோம். 15,349 என்பது பூமி உருண்டையில் நூலைப் பிடித்து இழுத்தால் வருகிற நீளம். சிங்கப்பூர் 104 டிகிரி கிழக்கு, நியூயார்க் 74 டிகிரி மேற்கு, கூட்டினால் 178, கிட்டத்தட்ட உலகின் எதிரெதிர்ப் பக்கம், ஆக அந்த நூல் சீனா, மங்கோலியா, சைபீரியா என்று ஏறி வட துருவத்தை உரசிக்கொண்டு கனடா வழியாக இறங்கும். விமானம் அந்தக் கோட்டில் போவதில்லை. பெரும்பாலும் பசிபிக் மேலே, மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு போகும், தூரம் 16,000ஐத் தாண்டினாலும் அதுதான் லாபம். திரும்பும்போது பல நாள்களில் அட்லாண்டிக், ஐரோப்பா என்று மறுபடியும் கிழக்கேதான் பறக்கும். போக வர உலகத்தையே ஒரு சுற்று! போதாததற்கு டிக்கெட்டில் உள்ள நேரம் வாசலிலிருந்து வாசல் வரை, ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது எல்லாம் அதில் அடக்கம்.

பதில்: ஜன்னலோரம்

சரி, ஒத்துக்கொள்கிறேன். 11ஆம் தேதி?

பதில்: பழைய பயணி

நியூயார்க்கில் 10ஆம் தேதி இரவு 10.30 ஆகும்போதே சிங்கப்பூரில் 11ஆம் தேதி காலை 11.30. மிச்சப் பகலும் இரவும் வானத்திலேயே கழிந்துவிடும்.

கேட்பவர்: குழம்பிய மகன்

அப்பாடா. அப்படியென்றால் தம்பியை அக்டோபர் 10ஆம் தேதி விடியற்காலையே விமான நிலையத்துக்கு வரச் சொல்ல வேண்டும், 11 என்று சொல்லி வைத்திருந்தேன்! இப்போதே அழைக்கிறேன்.

பதில்: பழைய பயணி

இப்போது வேண்டாம், அங்கே மணி என்ன என்று பார்த்தீர்களா?