1923 கேன்சஸ் அணி: போட்டியே நடக்காத காலத்தில் தேசிய சாம்பியன் ஆனது எப்படி?

வடக்குவீதி:
அமெரிக்காவின் கேன்சஸ் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து ஆட்டங்களைப் பார்க்கிறவர்கள் ஆலன் ஃபீல்டுஹவுஸ் அரங்கத்தில் மேலே தொங்கும் பதாகைகளைக் கவனித்திருப்பீர்கள். 1952, 1988, 2008, 2022 எல்லாம் சரி, என்சிஏஏ என்ற அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பின் தேசியப் போட்டியில் ஜெயித்த வருடங்கள். ஆனால் கூடவே 1922, 1923 என்றும் இரண்டு தொங்குகின்றன. என்சிஏஏ போட்டி ஆரம்பித்ததே 1939-ல்தானே? அப்படியென்றால் 1923-ல் இவர்கள் யாரை ஜெயித்து தேசிய சாம்பியன் ஆனார்கள்? அந்த சீசனில் 17 வெற்றி, 1 தோல்வி என்று மட்டும் தெரியும். அந்த ஒரு தோல்வி யாரிடம்? அப்புறம், பிற்பாடு கென்டக்கியில் பெரிய பயிற்சியாளர் ஆன அடால்ஃப் ரப் இந்த அணியில் இருந்தார் என்கிறார்களே, உண்மையா? தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள்.

பழைய ஸ்கோர்புக்:
முதலில் பட்டம். 1923-ல் யாரும் யாருக்கும் தேசியக் கோப்பை கொடுக்கவில்லை. 1936-ல் லாஸ் ஏஞ்சலஸில் ஹெல்ம்ஸ் என்ற பேக்கரி முதலாளி பணம் போட்டு ஒரு விளையாட்டு அறக்கட்டளை ஆரம்பித்தார். அவர்கள்தான் பழைய சீசன்களின் முடிவுகளை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, இந்த வருடம் இந்த அணிதான் சிறந்தது என்று பின்தேதியிட்டு அறிவித்தார்கள். கேன்சஸின் 1922, 1923 இரண்டும் அப்படி வந்தவை. இன்னும் பல வருடம் கழித்து பிரெமோ, பொரெட்டா என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதே வேலையை வேறு கணக்கில் செய்தபோது, 1923-க்கு 17 ஆட்டத்தில் ஒன்றுகூடத் தோற்காத ஆர்மி அணியை, அதாவது வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியை முதலிடத்தில் வைத்தார்கள். ஆக ஒரே வருடத்துக்கு இரண்டு சாம்பியன்கள்.

என்னைக் கேட்டால் அந்தப் பதாகையைவிட அந்த சீசன் பெரியது. மிசௌரி வேலி லீகில் அப்போது ஒன்பது கல்லூரிகள். மற்ற எட்டு அணிகளோடும் இரண்டிரண்டு முறை ஆட வேண்டும். பதினாறையும் ஜெயித்தார்கள். முந்தைய வருடம் மிசௌரி பல்கலைக்கழக அணியும் இவர்களும் ஆளுக்கொரு தோல்வியோடு முதலிடத்தைப் பங்கு போட்டுக்கொண்டதால், 1923-ல் மிசௌரியை இரண்டு முறையும் வென்றது கேன்சஸ்காரர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் கேட்ட அந்த ஒரு தோல்வி கல்லூரி அணியிடம் இல்லை, கேன்சஸ் சிட்டி அத்லெடிக் கிளப்பிடம். அதில் ஆடியவர்கள் படிப்பை முடித்த, அனுபவம் உள்ள ஆட்டக்காரர்கள். கல்லூரிப் பையன்கள் அவர்களோடு மோதியதே துணிச்சல்தான்.

ஜம்ப்பால்:
அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அந்தக் கால ஸ்கோரைப் பார்த்து ஆட்டம் மந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். இருபது சொச்சம் புள்ளி எடுத்தாலே ஜெயித்துவிடலாம், அது விதிகளால் வந்தது. ஒவ்வொரு பாஸ்கெட் விழுந்த பிறகும் பந்தை நடுக்கோட்டுக்குக் கொண்டுபோய் ஜம்ப் பால் (நடுவர் பந்தை மேலே எறிய, அணிக்கு ஒருவர் குதித்துத் தட்டுவது) போட வேண்டும், 1937 வரை அப்படித்தான். இத்தனை வினாடிக்குள் பந்தைக் கூடைக்கு எறிந்தாக வேண்டும் என்ற ஷாட் கிளாக் கிடையாது, பத்து வினாடிக்குள் பாதிக் கோட்டைத் தாண்ட வேண்டும் என்ற விதியும் அப்போது வரவில்லை. ஃபவுல் யார் மேல் நடந்தாலும் அணியில் குறி தப்பாத ஒருவரே எல்லா ஃப்ரீ த்ரோவையும் போடலாம், அது அடுத்த சீசனில்தான் மாறியது. இன்னொன்று, ஆட்டம் நடக்கும்போது பயிற்சியாளர் வாயைத் திறக்கக் கூடாது. டைம் அவுட்டில்கூடப் பேச முடியாது. பயிற்சியாளர் ஃபாக் ஆலன் பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருக்க, களத்தில் முடிவெடுப்பது முழுக்க அந்த ஐந்து பையன்கள். இதனால்தான் 16-0 என்பதை நான் ஆட்டக்காரர்களின் சாதனையாகப் பார்க்கிறேன்.

அதிலும் பால் எண்டகாட், கார்டு எனப்படும் பின்வரிசை ஆட்டக்காரர். பல்கலைக்கழகம் இருக்கும் லாரன்ஸ் ஊர்ப் பையன், ஆள் பெரிய உயரம் இல்லை. அந்த சீசனில் மிசௌரி ஆட்டம் ஒன்றின் கடைசிக் கட்டத்தில் கேன்சஸ் கொஞ்சம் முன்னிலையில் இருக்கிறது, மிசௌரி ஆட்கள் பந்தோடு வரவர இவரும் பாய்ந்து அதே பந்தைப் பிடித்துக்கொள்வார், இருவர் கையிலும் பந்து என்பதால் ரெஃப்ரி ஜம்ப் பால் கொடுப்பார், மறுபடி பிடிப்பார், மறுபடி ஜம்ப் பால், இப்படித் தொடர்ந்து பதினாறு தடவை என்று சொல்லப்படுகிறது. எண்ணிக்கை கூடக்குறைய இருக்கட்டும், ஒரு ஆள் தன் உடம்பைக் கொடுத்து ஒரு ஆட்டத்தைக் காப்பாற்றினார் என்பதை நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது. அந்த வருடத்தின் சிறந்த ஆட்டக்காரராக ஹெல்ம்ஸ் பின்னாளில் அறிவித்தது அவரைத்தான். பிறகு பிலிப்ஸ் பெட்ரோலியம் கம்பெனியின் தலைவர் ஆனார்.

ரப் விஷயம் உண்மைதான். 1922, 1923 இரண்டு அணிகளிலும் மாற்று ஆட்டக்காரர். களத்தில் இறங்கியது மிகக் குறைவு. பார்த்துக் கற்றுக்கொண்டவர், கென்டக்கிக்குப் போய் 876 ஆட்டங்கள் ஜெயித்தார்.

வடக்குவீதி:
ரொம்ப நன்றி. இந்த விளையாட்டைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் அப்போது கேன்சஸில்தானே இருந்தார்? அவருக்கு இந்த அணியில் ஏதாவது பங்கு உண்டா?

பழைய ஸ்கோர்புக்:
இருந்தார். உடற்கல்விப் பேராசிரியர். 1907-லேயே பயிற்சியாளர் பொறுப்பை விட்டுவிட்டார், அவர் கணக்கு 55 வெற்றி, 60 தோல்வி. அவருக்கு ஜெயிப்பதைவிடப் பையன்கள் ஆடிப் பழகுவதுதான் முக்கியம். ஆலன் அவருடைய மாணவர், ஆனால் நேர் எதிர்க் குணம், பயிற்சி கொடுத்தால் ஜெயிக்கலாம் என்று உறுதியாக நம்பினார். 1923 அணி அந்த நம்பிக்கைக்குக் கிடைத்த சான்று. (நெய்ஸ்மித் இந்த விளையாட்டை உருவாக்கிய அதே ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் படித்த ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920-ல் சென்னை ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நந்தனம் பக்கம் போகிறவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள்.)

கிழக்குப்பதிவு:
எல்லாரும் பெருமையாகப் பேசுகிறீர்கள், பேச வேண்டியதுதான். ஆனால் தேசிய சாம்பியன் என்ற சொல்லை வைக்கும்போது இதையும் பக்கத்தில் வைக்க வேண்டும். அந்த அணியில் கறுப்பின மாணவர் ஒருவருக்கும் இடம் இல்லை. பத்து வருடம் கழித்து ஜான் மெக்லெண்டன் அதே கல்லூரியில் சேர்ந்தார், நெய்ஸ்மித்தே அவருக்கு வழிகாட்டி, ஆனாலும் கல்லூரி அணியில் ஆட விடவில்லை. 1936-ல் பட்டம் வாங்கி வெளியேறியவர், டென்னசி ஏ அண்ட் ஐ கல்லூரிக்கு 1957, 58, 59 என்று பயிற்சியாளராகத் தொடர்ந்து மூன்று முறை என்ஏஐஏ என்ற இன்னொரு கல்லூரி விளையாட்டு அமைப்பின் தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். கேன்சஸ் அணியில் ஒரு கறுப்பின ஆட்டக்காரர் இறங்கியது 1950-களில்தான்.

ஜம்ப்பால்:
சரியாகச் சொன்னீர்கள், இதை மறுக்க முடியாது. லீகில் இருந்த எட்டு அணிகளை வென்றார்கள், அது அவர்கள் களத்தில் சம்பாதித்தது, அதை யாரும் குறைக்க வேண்டாம். ஆனால் நாட்டிலேயே சிறந்த அணி எது என்பதை, பாதிப் பேரை வாசலிலேயே நிறுத்திவிட்டு எந்த அறக்கட்டளையும் முடிவு செய்துவிட முடியாது. என் கையில் இருந்தால் அந்தப் பதாகையில் "மிசௌரி வேலி, 16-0" என்று எழுதுவேன்.