காலையில் கீழே, பிற்பகலில் மேலே

தாண்டிக்குடியிலிருந்து:

தேனடை கட்டும் மரச்சட்டம் ஒன்று மட்டும் கொள்ளும் கண்ணாடிப் பெட்டி ஒன்றைத் தச்சரிடம் சொல்லிச் செய்துவாங்கினேன். அடுக்குத் தேனீயின் ஆட்டத்தைக் கண்ணால் பார்க்கும் ஆசைதான். பூவைக் கண்டு திரும்பிய தேனீ, அடையின் மீது வயிற்றை உதறியபடி நேராக ஓடும். வலப்பக்கம் சுற்றிவந்து மறுபடி ஓடும். அடுத்த முறை இடப்பக்கம். உதறல் நீண்டால் பூ தொலைவில் இருக்கிறது. நேர் மேலே ஓடினால் சூரியன் இருக்கும் திசை, நேர் கீழே ஓடினால் அதற்கு எதிர்த்திசை. இந்த மொழியைப் படித்துக்காட்டிய கார்ல் ஃபான் ஃப்ரிஷுக்கு 1973இல் நோபல் பரிசு கிடைத்தது. எனக்குக் கிடைத்தது அட்டைக்கடி.

போன சித்திரையில் காப்பிப் பூ உதிர்ந்து பத்து நாளாகியும் பெட்டிக்குத் தேன் வந்துகொண்டே இருந்தது. காலை ஒன்பது மணிக்குப் பார்த்தேன், ஆட்டம் நேர் கீழே. சூரியன் கிழக்கில், ஆகவே பூ மேற்கில் என்று குறித்துவைத்தேன். வேலை முடித்து மூன்று மணிக்கு வந்தால் நேர் மேலே ஆடுகின்றன! இடத்தை மாற்றிவிட்டன என்று நினைத்துக் கிழக்குச் சரிவெல்லாம் அலைந்து வெறுங்கையோடு திரும்பினேன். மனைவி காலில் இருந்த அட்டையைப் பிடுங்கிக்கொண்டே கேட்டாள்: "காலையில் இருந்த இடத்திலேயேவா சூரியன் இப்போதும் இருக்கிறது?"

மேற்கே ஓடையைத் தாண்டினால் இரண்டு நாவல் மரங்கள், கிளை தெரியாமல் பூ. மரம் கண்ணில் படுமுன்பே ரீங்காரம் கேட்டது. வெயில் சாயச் சாயத் தேனீ தன் கணக்கைத் திருத்திக்கொண்டிருக்கிறது. நான்தான் காலைக் கணக்கிலேயே நின்றுவிட்டேன்.

பண்ணைக்காட்டிலிருந்து:

உங்களுக்கு ஆட்டம், எனக்கு வாசனை. மலைவாழைத் தார் வெட்டும்போது புறங்கையில் மலைத்தேனீ ஒன்று கொட்டியது. அடித்து நசுக்கினேன். குப்பென்று வாழைப்பழ வாசனை. வாழைத்தோட்டத்தில் இதில் என்ன அதிசயம் என்று நின்றதுதான் தவறு, பதினேழு கொட்டு. கொடுக்கிலிருந்து கிளம்பும் அபாய மணத்தில் ஐசோபென்டைல் அசிடேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறதாம், பழத்துக்கு வாசம் தருவதும் அதுவே. கூட வந்திருந்த பளியர் பழங்குடிப் பெரியவர் பிறகு கேட்டார்: "வெட்டியதெல்லாம் காய்த்தார் ஆயிற்றே, பழவாசம் எங்கிருந்து வரும்?"

தாண்டிக்குடியிலிருந்து:

கொட்டிய இடத்தை உடனே கழுவியிருக்க வேண்டும் ஐயா, அந்த மணம்தான் மற்றவற்றையும் அங்கேயே அழைக்கிறது. பெட்டி திறக்கும்போது நான் தேங்காய் நார்ப் புகை காட்டுவதும் அதை அமுக்கத்தான்.